எங்கள் ஓடையில் கப்பல் கிடையாது

கடலை நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே, 'கடலில் எண்ணெய்க் கசிவு' என்று எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன். அந்தத் தலைப்பு நான் வைத்ததல்ல. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரை ஒட்டி ஒரு ஓடை போகிறது. குடிக்க, சமைக்க, குச்சிக்கிழங்கு கழுவ, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். ஊருக்குச் சற்று மேலே ரோடு ஓடையைக் கடக்கும். மலை பார்க்க வருகிற வேன்கள் அங்கே நிற்கும். வந்தவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், டிரைவர்கள் அந்த நேரத்தில் வண்டியைக் கழுவிவிடுவார்கள். கழுவிய ஆயில் எங்கள் குடத்துக்கு வரும். போய்ச் சொன்னால், "ஓடுற தண்ணிதானுங்க, தன்னால போயிரும்" என்பார்கள். அது போகிற இடத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

ஒரு நாள் அம்மாவும் நானும் தலையணைக்காக ஓடைக்கரையில் உட்கார்ந்து இலவம்பஞ்சில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் பஞ்சு காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. மேலே யாரோ வேன் கழுவிக்கொண்டிருந்த நேரம். கரையில் ஒதுங்கிய பஞ்சை எடுத்தால் கன்னங்கறுப்பாக இருந்தது. பிழிந்தேன். ஆயில்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. அம்மா, "கையைக் கழுவு கண்ணு, நாறுது" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன்.

அதனால்தான் அறிவியல் கண்காட்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கினேன். பரிசு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்காட்சிக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவார், ஒவ்வொரு மேசையாக நின்று கேட்பார் என்று சொல்லியிருந்தார்கள். அவரிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "எங்க ஓடையில வண்டி கழுவக் கூடாதுன்னு ஒரு போர்டு வெக்கச் சொல்லுங்க ஐயா." எனக்கு வேண்டியது அந்தப் போர்டு.

கீழேயிருந்து மாற்றலாகி வந்திருந்த எங்கள் அறிவியல் சார் என் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். 'எங்கள் ஓடையில் எண்ணெய்' என்று நான் எழுதியிருந்ததன் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, 'கடலில் எண்ணெய்க் கசிவு' என்று அவரே கொட்டை எழுத்தில் எழுதினார்.

"நம்மூர்ல கடல் இல்லீங்களே சார்."

"ஓடைன்னு போட்டா யாரு மதிப்பா? கடல்னாத்தான் மார்க் விழும். சொன்னதைக் கேளு."

கேட்டேன். ஆனாலும் வேன் கழுவிய தண்ணீரையே ஒரு கேனில் பிடித்து, ஒரு பை நிறைய இலவம்பஞ்சும் எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சி கீழே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நடந்தது. நடுவராக வந்த அம்மையார் கேனைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கடல்னு போட்டிருக்க. கப்பல் எங்கம்மா?"

"இது எங்க ஓடைத் தண்ணிங்க மேடம். கப்பல் வராதுங்க."

"மாடல் இல்லாம என்ன புராஜெக்ட்?"

நான் பஞ்சைத் தண்ணீரில் போட்டு, ஊறவிட்டு, பிழிந்து காட்டுவதற்குள் அவர் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார். அங்கே தெர்மாகோல் கப்பல் இருந்தது. கப்பலுக்குச் சீரியல் லைட் எரிந்தது. நீலச் சாயம் கலந்த தண்ணீரில் சமையல் எண்ணெயை ஊற்றி, பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டார்கள். எண்ணெய் விலகி ஓடித் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எண்ணெய் அங்கயேதானுங்க மேடம் இருக்குது. கூட சோப்பும் சேர்ந்துருச்சு" என்றேன்.

"அடுத்தவங்க புராஜெக்ட்ல நீ மூக்கை நுழைக்காதம்மா" என்றார்.

ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமா? அந்த ஓரத்தில் குடியிருக்கிறவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி வருகிறார் என்றதும் சார் ஓடிவந்து, நாற்றமடிக்கிறது என்று என் கேனை மூடி மேசைக்கடியில் தள்ளினார். அதிகாரி கப்பலோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். என் மேசைக்கு வராமலே கிளம்பிவிட்டார். முதல் பரிசு கப்பலுக்குக் கிடைத்தது. போர்டு வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் வேனில் மலை ஏறினோம். வளைவுகளில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். வேனை எங்கே நிறுத்திக் கழுவினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஓடை, அதே இடம். டிரைவர் உள்ளே கழுவி முடித்து, எஞ்சினையும் திறந்து பார்த்தார். ஆயில் கசிந்திருந்தது. துடைக்கத் துணி தேடியவர் கண்ணில் என் பஞ்சுப் பை பட்டது. ஒரு கை அள்ளித் துடைத்தார்.

"அட, துணியெல்லாம் பிச்சை வாங்கோணும். என்னமா உறிஞ்சுது பாரு கண்ணு" என்று சிரித்துக்கொண்டே, கறுத்துப்போன பஞ்சை ஓடையில் எறிந்தார்.

சாரும் சிரித்தார். "பாத்தியா, உன் புராஜெக்ட் வேலை செய்யுது."

நான் பாவாடையோடு தண்ணீரில் இறங்கி, மிதந்துபோன பஞ்சை எல்லாம் பொறுக்கினேன். ஒழுக ஒழுகக் கொண்டுவந்து டிரைவர் சீட்டில் வைத்தேன். சிரிப்பு நின்றது.

"என்ன சாமி இது?" என்றார் டிரைவர்.

"பரிசு கெடைக்கலைன்னு கோவம். விடுங்க, சின்னப் புள்ள" என்றார் சார்.

"பரிசு வேண்டாமுங்க சார். இது நாங்க குடிக்கிற தண்ணி" என்றேன். டிரைவர் சீட்டைத் துடைக்கிற மும்முரத்தில் இருந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஓடையருகே இரண்டு வேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். போர்டு எதுவும் இல்லை. பள்ளிக்கூடப் பக்கம் போனபோது புதிதாக வந்திருந்த டீச்சர் ஒருவர் என் பெயரைச் சொன்னதும் சிரித்தார். பரிசு கிடைக்காத கோபத்தில் வேன் சீட்டில் ஆயிலைப் பூசிய பெண் நான்தானா என்று கேட்டார். என்னைப் பற்றி அங்கே சொல்லப்படுகிற கதை அதுதானாம். அந்தக் கதையில் ஓடையே வருவதில்லை.