கரை கிழக்கேதான் இருக்கும்

தல்லாகுளம் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். அதைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்குக் கொடுப்பதா, என் ஒன்பதாம் வகுப்புப் புவியியலுக்கா என்று தலைமையாசிரியை அன்று முடிவு செய்வதாக இருந்தது. "புத்தகத்துல இல்லாதது அந்தப் படத்துல என்ன இருக்குன்னு பாக்குறேன் டீச்சர்" என்று கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விண்வெளி நிலையத்தின் ஜன்னல் வழியாக யாரோ எடுத்த மதுரைப் படம் அது. ஒரு வாரமாக அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் விழுந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. நடுவே ஊர், குறுக்கே மணல் வெளுத்த வைகை, சுற்றிலும் வில் வில்லாகக் கண்மாய்கள். மேல்பக்கம் வடக்கு என்று சொல்லிவிட்டு, கீழே இடப்பக்கம் இருந்த மலையை நாகமலை என்று ஸ்கேலால் காட்டினேன்.

திருவாதவூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் கை தூக்கினாள். வரைபடத் தேர்வில் அவள் வாங்கும் மதிப்பெண்ணை நானே கேலி செய்திருக்கிறேன்.

"படம் தலைகீழா இருக்கு டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. "மேலேருந்து எடுத்தவங்களை விட உனக்குத் தெரியுமோ?"

"எல்லாக் கம்மாய்க்கும் கரை மேக்க இருக்கு. தண்ணி மேக்க இருந்துதான வரும்? கெழக்க கரை இல்லாட்டி அம்புட்டும் ஓடிப்போயிருமே."

எங்கள் பக்கத்து நிலம் கிழக்கே சரிவது. இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கடைசி பெஞ்சைப் பார்க்காமல் லேப்டாப்பில் படத்தை அப்படியே திருப்பினேன்.

வைகை முன்போலவே குறுக்கே கிடந்தது. அதுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. கரைகளெல்லாம் கிழக்கே வந்துவிட்டன. என் நாகமலை மேலே போய் அழகர்மலையாக உட்கார்ந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

"நான்தான் தப்பா வச்சிருந்தேன். இவ கண்டுபிடிச்சுட்டா" என்றேன். அதற்குள் பிள்ளைகள் சுவரை மொய்த்துக்கொண்டு கோரிப்பாளையத்தையும் அவரவர் தெருவையும் தேட ஆரம்பித்திருந்தார்கள். நானும் கூட்டத்தில் முண்டியடித்து என் தெருவைத் தேடினேன்.

மணி அடித்ததும் தலைமையாசிரியை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"புரொஜெக்டர் இங்கேயே இருக்கட்டும் டீச்சர். அடுத்த படம் போடுறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க."