நைனாவை வேலையிலிருந்து நிறுத்திய கதை

போன மாதம் வீட்டில் ஒரு காரியம் செய்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. எட்டாங்கிளாஸ் ஃபெயில்... ஆனால் நினைப்புக்கு என்ன குறைச்சல்?

என் அப்பா — நாங்கள் நைனா என்போம் — கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றே ரிட்டையர் ஆனவர். வயது எழுபத்து நாலு. தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணி மோட்டார் போடுவார். மாடியேறி டேங்கை எட்டிப் பார்ப்பார். அங்கிருந்தே ஒரு சத்தம்: "பல்லு தேக்கிறவன் பைப்ப மூட்றா!"

அது எனக்குத்தான். எனக்கு வயது நாற்பத்தெட்டு.

முட்டி வலியோடு மாடி ஏறுகிறாரே என்று ஆட்டோமேட்டிக் சுவிட்ச் வாங்கி மாட்டினேன். தானாக ஓடும், தானாக நிற்கும்.

"இனிமே ஜம்முனு குந்திக்கினு இரு நைனா. எல்லாம் மிஷினு பாத்துக்கும்."

"அப்போ நானு?"

"நீ ரெஸ்ட் எடு!"

மறுநாளிலிருந்து ஆறு மணிக்குச் சத்தமே இல்லை. நைனாவின் காலை நாஷ்டாவில் பாதி தட்டிலேயே கிடந்தது. டாக்டரிடம் காட்டினேன். பிபி, சுகர் எல்லாம் சரி.

"மாமா நாலு நாளா யாரையும் திட்டல. எனுக்கு பயமாக்கீது" என்றாள் மனைவி.

போன ஞாயிறு மிஷின் மக்கர் பண்ணியது. டேங்க் நிரம்பி, பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணி மேல் அருவி! அந்த வீட்டு அக்கா போட்ட கூச்சலில் ஓடி வந்தேன். நைனா வாசலில் சேர் போட்டு, அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இந்த ஊத்து ஊத்துது... ஒரு கொரலு குடுக்கக் கூடாதா?"

"அது மிஷினு டூட்டி. நான் ரெஸ்ட்ல கீறன்."

சுருக்கென்றது. காக்களூரில் எங்கள் கம்பெனிக்கு ஆட்டோமேட்டிக் மிஷின் வந்தபோது எட்டுப் பேரை நிறுத்தினார்கள். அன்றைக்கு கேட்டில் நின்று அதிகம் கத்தியவன் நான். அதே ஆள், பெற்ற அப்பனை நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் நிறுத்தியிருக்கிறேன்! முட்டியைத்தான் பார்த்தேன். மனுஷனைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே மிஷினைக் கழற்றினேன். முட்டிக்கும் ஒரு வழி செய்தேன் — டேங்க் நிரம்பினால் வழிகிற பைப்பை வாசல்வரை நீட்டிவிட்டேன். ஏறிப் பார்க்க வேண்டாம், கீழேயே தெரியும்.

"நைனா, மோட்டார நீயே பாத்துக்க. உன்ன உட்டா ஆளில்ல."

"இன்னாடா, பாவம் பாக்கிறியா?"

"இல்ல நைனா. அந்த அக்கா என்ன அடிக்க வருது."

நைனா சிரிக்கவில்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். "வாரத்துல ஒரு நாளு லீவு வோணும்."

"ஞாயித்துக்கெழம எட்த்துக்கோ. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஆறு மணிக்கு எனக்குத் திட்டு விழுந்தது. அன்றைக்கு நாஷ்டாவில் ஒரு இட்லிகூட மிச்சமில்லை.

இந்த ஞாயிறு என் டூட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு போனில் பேசப் போனேன். டேங்க் வழிந்து, வாசலில் உட்கார்ந்திருந்த நைனாவின் காலை நனைத்தது.

ஒரு வாரம் சஸ்பெண்டில் இருக்கிறேன். என்கொயரி அடுத்த ஞாயிற்றுக்கிழமை.