கதவுக்குள் இருந்த பொட்டலம்

போர் முடிந்து முருங்கனில் மீளக்குடியேறிய பிறகு, எங்கள் பழைய பிக்கப் வண்டிக் கதவின் உட்புறத்தில் கிழிந்து தொங்கிய ரெக்சினை ஒருநாள் மாற்றத் தொடங்கினேன். ரெக்சின் ஒட்டியிருந்த அட்டையைக் கழற்றியதும் பஞ்சுத் துகள்கள் மாலை வெயிலில் பொன்னாக மிதந்தன. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவை அடங்கியபோது, கதவின் அடியில் கறுப்பு நாடாவால் இறுகச் சுற்றிய கனத்த உருண்டையொன்று தெரிந்தது.

"குண்டு! ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ!" என்று கத்திக்கொண்டு வேலிவரை ஓடினேன்.

கிணற்றடியிலிருந்து வந்த மனைவி சிரித்தாள். "பயப்பிடாதேங்கோ. அது மடு மாதா கோயில் மண். இடம்பெயரேக்க காவலுக்கெண்டு கிழிசலுக்குள்ளால நான்தான் வைச்சனான்."

எறிகணைகள் விழுந்த செல்லடிக்கு நடுவே எல்லோரையும் கீறலில்லாமல் கொண்டுவந்தது நான் வண்டி ஓட்டிய திறமைதான் என்று அதுவரை பெருமையடித்து வந்தவன் நான். மண்ணைத் திரும்ப வைத்துப் புது ரெக்சின் ஒட்டினேன்.

இப்போது யாராவது நான் வண்டி ஓட்டியதைப் புகழ்ந்தால், அந்தக் கதவைத்தான் தொட்டுக் காட்டுகிறேன்.