கைக்கு மட்டும் தெரிந்தது

மண்ணரை என்ற ஊரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. எந்தப் பனியனையும் கண்ணால் பார்க்கும் முன் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிடுவார். புதிதாகச் சேருபவர்களுக்காக அவர் வேலை செய்யும் முறையை எழுதித் தரும்படி முதலாளி என்னிடம் சொன்னார். பனியனில் என்னென்ன குறைகள் வரும் என்று அக்கா சொன்னதையெல்லாம் பட்டியலாக எழுதிக்கொண்டேன். மறுநாள், அந்தப் பட்டியலில் உள்ள எந்தக் குறையும் இல்லாத ஒரு பனியனை அவர் ஒதுக்கி வைத்தார்.

"இதுல என்னங்கக்கா டேமேஜ்?"

"சொல்லத் தெரியலீங்க தம்பி. கை ஒத்துக்க மாட்டேங்குது."

நம்பாமல் துவைத்துப் பார்த்தேன். பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம், வயிற்றுக்கு நேராக வந்துவிட்டது.

"எப்படிங்கக்கா தெரிஞ்சுது?"

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார், அதனிடம்தான் கேட்க வேண்டும் என்பதுபோல.

பட்டியலின் கடைசி வரியாக எழுதினேன்: 'எல்லாம் சரியாக இருந்தால், அக்காவிடம் ஒருமுறை கொடுக்கவும்.'