காணிக்கைத் தண்ணீர்

கிருபாநிதி அதுவரை ஏழு கோவில்கள் கட்டியிருந்தார். எல்லாம் சின்ன ஊர் மெதடிஸ்ட் சபைகளுக்கு. படம் வரைவதும் அவரே, தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் பார்ப்பதும் அவரே. எஞ்சினியர் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் அவர் வைத்த வளைவில் மயிரளவு கோணல் காட்ட முடியாது. அந்தத் திமிரும் அவருக்குக் கொஞ்சம் உண்டு. திருச்செந்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடத் தன் கோவில் கதையை எடுத்துவிடுவார்.

எட்டாவது கோவில் சாகுபுரத்துக்கு அந்தப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய ஊரில். வருஷம் 1971. மற்ற ஏழும் ஓட்டுக்கூரை. இந்த ஊர்க்காரர்களுக்குக் காங்கிரீட்தான் வேண்டும். ஊர்க் கிணறுகளிலோ உப்புத் தண்ணீர். அதில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருவேறி ஊதும், கூரை பிளக்கும். அது தெரிந்துதான் ஆற்றுத் தண்ணீருக்கு லாரி சொல்லியிருந்தார்.

கூரை போடுகிற அன்று லாரி வந்தது. கூடவே ஊரும் வந்தது, வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீரோடு. கோவிலுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாதவர்கள். உபதேசியார் குடங்களை வரிசையாக வைத்து ஜெபித்தார். உப்பளத்தில் வேலை செய்யும் மெட்டில்டா முதல் குடத்தை நீட்டினாள்.

"எங்க தண்ணியும் சேரட்டும் அண்ணாச்சி."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். மனுஷனுக்கு வாய் எழவில்லை. அத்தனை முகங்களுக்கு முன்னால் பொல்லாதவனாகப் பயம், அவ்வளவுதான்.

"ஊத்துங்கம்மா" என்றார். லாரி பாதித் தண்ணீரோடு திரும்பிப் போனது.

பிறகும் மூன்று கோவில்கள் கட்டினார். இந்த ஊர்ப் பக்கம் மட்டும் தலைகாட்டவில்லை. எழுபத்தைந்தில், கூரையில் துரு நிறத்தில் கீறல் ஓடுகிறது என்று ஆள் அனுப்பினார்கள். சிமெண்ட் வைத்துப் பூசச் சொல்லிவிட்டார். எழுபத்தெட்டில், ஞாயிறு ஆராதனை நடக்கும்போது, பெண்கள் பக்கம் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. மெட்டில்டா அங்கேயே செத்துப்போனாள்.

அடி விழும் என்று துணிந்துதான் அடக்கத்துக்குப் போனார். யாரும் கை ஓங்கவில்லை. அவள் புருஷன் வேதக்கண் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி? கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

அடியைத் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"வேதக்கண்ணு, அந்த உப்புத்தண்ணி கம்பியத் திங்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லத்தான் தைரியமில்ல."

வேதக்கண் அவரையே பார்த்தான்.

"கீறல் விட்டிருக்குன்னு ஆள் விட்டோமே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவன் கைகளை விட்டான்.