சவரியப்பன் வேண்டாமென்ற லாக்

சவரியப்பன் அண்ணனைப் பற்றி யாராவது கேட்டால், "நல்ல டிரைவர், அதிகம் பேசமாட்டார்" என்று சொல்லி முடித்துவிடுவேன். பழங்காநத்தத்தில் ஒரு தனியார் பால்பண்ணையில் எழுபத்தொன்பதாம் வருஷத்தோடு எட்டு வருஷம் அவரோடு வேலை பார்த்திருந்தேன். அவரைப் பற்றி நான் அதுவரை தெரிந்துவைத்திருந்தது அவ்வளவுதான். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வடகிழக்கு எல்லையில் நேஃபா மலைச் சேற்றிலும் பனியிலும் வருஷக்கணக்காக ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றுப் பசுமலையில் வந்து குடியேறினார். வந்த மூன்றாம் வருஷம் மனைவி மரியம்மாள் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஒற்றை அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை, வாரத்தில் ஆறு நாள் பால்வண்டி. பூசை முடிந்ததும் ஜனங்கள் கோயில் வாசலில் கூடி நின்று பேசுவார்கள். இவர் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போது நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு மணியடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

வண்டி, பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய டிஸ்போசல் லாரி. நாலு சக்கரமும் இழுக்கும் என்பதற்காகவே முதலாளி சின்னச்சாமி அதை வாங்கினார். டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே உள்ள கரிசல்காட்டு ஊர்களில் காலையில் பால் எடுத்துவர வேண்டும். கடைசி ஊர் ஊமத்தம்பட்டி. அதற்கு முன்னால் ஓர் ஓடை. வெயில் காலத்தில் அது ஓடை என்றே தெரியாது. மழை பெய்துவிட்டால் கரிசல் மண் குழைந்து, வந்த வண்டியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் மட்டும் எங்கள் வண்டி அங்கே ஒன்பது முறை சிக்கியது. நாலு முறை பால் திரிந்துபோனது. பாலைக் கொதிக்க வைத்துப் பார்த்து நல்லது, கெட்டது சொல்வது என் வேலை.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். மெக்கானிக் சிவனாண்டியும் வந்திருந்தார்.

"நாலு சக்கரமும் இழுக்கும்னுதானய்யா வாங்குனேன். பெறகு ஏன் படுத்துக்கிருது?" என்று தலையில் அடித்துக்கொண்டார் முதலாளி.

சிவனாண்டி விளக்கினார். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அதற்கு வழிவிடத்தான் இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. ரோட்டில் அது நல்ல பிள்ளை. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால் மட்டும் எஞ்சின் இழுவை முழுவதையும் அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே கொடுத்துவிடும். அது பம்பரமாய்ச் சுற்றும். கெட்டியான தரையில் நிற்கிற மற்றது அசையாது.

"ரெண்டு வழி இருக்கு மொதலாளி. உள்ள இருக்க பல்லை எல்லாம் வெல்டிங் வச்சு ஒட்டிரலாம். ரெண்டு சக்கரமும் எப்பவும் ஒண்ணாத்தான் சுத்தும். இல்லன்னா காயலான் கடையில பட்டாள வண்டி பிரிச்ச சாமான் வந்து கெடக்கு. அதுல லாக் வச்ச டிஃபரன்ஷியல் இருக்காம். லீவரை இழுத்தா பூட்டிக்கிரும், ரோட்டுக்கு வந்ததும் விட்டுக்கிரலாம்."

முதலாளி சவரியப்பன் பக்கம் திரும்பினார். "ஓட்டப்போறது நீங்கண்ணே. நீங்க சொல்றதுதான்."

சவரியப்பன் அண்ணன் வண்டிச் சக்கரத்து மண்ணைக் காலால் தட்டிவிட்டார். "வேண்டாம் மொதலாளி. லாக் போட்டா திருப்பத்துல டயர் தேயும். ஆக்ஸில் முறியும்" என்றார்.

பேச்சு அதோடு முடிந்தது. டீக்கடையில் சிவனாண்டி என்னிடம் பொரிந்து தள்ளினார். "வெல்டிங் வச்சாத்தான்யா முறியும். லீவர் லாக்கைத் திருப்பத்துல விட்டுட்டா ஒண்ணுமே ஆகாது. நேஃபாவுல ஓட்டுன மனுசனுக்கு இது தெரியாதா?" எனக்கு மெஷின் விஷயம் விளங்காது. அவருக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டி சிக்கினால் சவரியப்பன் மூன்று முறை ஹாரன் அடிப்பார். அக்கரை மேட்டில் முதல் வீடு கருத்தக்கண்ணன் வீடு. அவன் மாடுகளைப் பூட்டி வடத்தோடு இறங்குவான். இன்னும் நாலு பேர் மண்வெட்டியோடு வருவார்கள். மண்ணை வெட்டி, கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, இழுத்து மேலேற்ற ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு மணி நேரம். அதற்குள் கருத்தக்கண்ணன் மனைவி முத்துத்தாய் கடுங்காப்பியோடு வந்துவிடுவாள். வேலை முடிந்ததும் கம்பங்கூழும் வெங்காயமும் உண்டு.

"ஓடை என்ன உங்களுக்கு மாமியா வீடாண்ணே? வந்தா எந்திரிச்சுப் போக மனசு வர மாட்டேங்குது!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பனி எப்படி விழும் என்று கேட்பார்கள். எங்களிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர் அங்கே பனியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாராம். மரியம்மாள் வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. "சாப்பிட்டீகளா?" என்று அவரைக் கேட்க உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ஓடைக்கரை.

ஓடைக்கு இடப்பக்கம் கருவேல மரங்களை ஒட்டிச் சரளை விழுந்த தடம் ஒன்று இருந்தது. கொஞ்சம் சுற்று. அதில் போனால் வண்டி பெரும்பாலும் சிக்காது. சவரியப்பனுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த ஐப்பசியில் அவர் அதில் போகவேயில்லை.

கார்த்திகை பிறந்து ஒருநாள். வழக்கம்போல வண்டி சிக்கி, மீண்டு, கரையில் நின்றது. அவர் கையில் காப்பி. முத்துத்தாய் காலிக் கேன்களை இறக்கி, மூடியில் நூலால் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்தாள். நான் எழுதி அனுப்பிய சீட்டு. கருத்தக்கண்ணன் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன தாயி அது?" என்று கேட்டார் சவரியப்பன்.

"நேத்துப் பாலும் திரிஞ்சுபோச்சாம்ணே, காசு இல்லையாம். திரிஞ்சா எங்க தலையிலதான விடியும். நீங்கதான் சீட்டைக் கொண்டு வாரீக, உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. அடுத்தவர் சீட்டைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கில்லை. "நட்டம் மொதலாளிக்கு இல்லையா?" என்றார்.

கருத்தக்கண்ணன் சிரித்துவிட்டான். "மொதலாளிக்கு என்னைக்குண்ணே நட்டம் வந்துச்சு? அதை விடுங்க. நீங்க என்ன வேணும்னேயா சிக்குனீக? காப்பியக் குடிங்க, ஆறிப்போகுது."

அந்தக் காப்பியை எப்படி விழுங்கினாரோ.

அன்று பண்ணைக்கு வந்ததும் நேரே முதலாளியிடம் போனார். "நான் சொன்னது தப்பு மொதலாளி. லாக் போடணும். லீவர் வச்சதுதான். வெல்டிங் கூடவே கூடாது" என்றார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் சிவனாண்டியோடு காயலான் கடைக்கு அவரே போனார். லாக் வைத்த டிஃபரன்ஷியல் இரண்டு கிடந்தன. ஒன்று கழுவிப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. மற்றது துருவும் கிரீஸும் அப்பிக் கிடந்தது. கடைக்காரர் பளபளப்பானதையே காட்டினார். சவரியப்பன் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, இரண்டிலும் பற்களை ஒன்றுவிடாமல் எண்ணினார். முன்பக்கத்து டிஃபரன்ஷியலோடு பின்பக்கத்துக் கணக்கு ஒத்துவர வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பளபளப்பானது ஒத்துவரவில்லை. துருப்பிடித்தது ஒத்துவந்தது. அதற்குள்ளே விரலை விட்டு, பூட்டுகிற பற்களின் விளிம்பைத் தடவினார். தேயாமல் கூராக இருந்தது. பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து, இருபது தடவையாவது பார்த்தாராம்.

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறவன்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டான்யா. பாத்து முடிச்சுட்டு மொகத்தைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்காரு. நல்ல சாமான் கெடைச்சிருக்கு, ஒரு சந்தோசம் வேணாம்?" என்றார் சிவனாண்டி என்னிடம்.

அதை வண்டியில் மாட்டி முடிக்க மூன்று நாளானது. நாலாம் நாள் நல்ல மழை. அடுத்த நாள் காலையில் பாலை ஓடைக்கரையிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்லி முதலாளி என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார். நான் ஊமத்தம்பட்டிக்குப் போனது அதுவே முதல் தடவை.

ஓடை சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. அக்கரையில் கருத்தக்கண்ணன் மாடுகளைப் பூட்டி, வடத்தைத் தோளில் போட்டுத் தயாராக நின்றான். சவரியப்பன் அண்ணன் வண்டியை நிறுத்தி, லீவரை இழுத்தார். கீழே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி சேற்றில் இறங்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, உறுமியது, அப்படியே ஏறிக் கரைக்கு வந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கெலிச்சிட்டீகண்ணே!" என்று கத்தினான் கருத்தக்கண்ணன். உண்மையான சந்தோஷம். முத்துத்தாயும் மற்றவர்களும் ஓட்டமாய் வந்து கேன்களை ஏற்றினார்கள். நான் பாலை முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பார்த்தேன். நல்ல பால்.

"அப்ப நான் காட்டுக்குப் போறேண்ணே. உழவு அப்படியே கெடக்கு" என்று அவன் மாடுகளைத் திருப்பினான்.

"சுருக்காப் போங்கண்ணே, வெயில் ஏறுறதுக்குள்ள பால் போய்ச் சேரட்டும்" என்றாள் முத்துத்தாய். சொல்லிவிட்டுக் காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர்கள் மேல் தப்பே இல்லை. அவரவர்க்கு வேலை இருந்தது. வண்டியின் எஞ்சினைக்கூட நாங்கள் அணைக்கவில்லை.

கல்லுப்பட்டி தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சரளைத் தடத்தை, கூழை, சீட்டை, எல்லாவற்றையும். "தெரிஞ்சேதான் சிக்க வச்சேன் சோணைமுத்து. அவுக பாலு கெட்டுப்போகுது, அவுக கையாலேயே வாங்கித் தின்னுருக்கேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு ஏண்ணே சிக்கணும்? சும்மா எறங்கி உக்காந்து பேசிட்டு வந்தா வேண்டாம்னா சொல்லப்போறாக?" என்றேன்.

"என்னத்தைச் சொல்லி எறங்குறது?" என்று கேட்டார்.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இரண்டு தெரு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டில் மீன்குழம்பு. என் மனைவி இருளாயி இன்னும் நாலு பேருக்கு மிஞ்சுகிற மாதிரித்தான் வைப்பாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்கண்ணே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். எட்டு வருஷம் கூப்பிடாமல் இருந்துவிட்டு, அவர் அழுத பிறகு கூப்பிட்டால் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாக இருந்தது.

"லாக் நல்லாப் பிடிக்குதாண்ணே?" என்று கேட்டேன்.

"நல்லாப் பிடிக்குது" என்றார்.

அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை மூன்று மழைக்காலம். அந்த வண்டி ஒருநாளும் எங்கேயும் சிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.