டோக்கன் 417-க்கு வந்த முகம்

தொண்ணூறுகளின் நடுவில், திருமழிசை எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு கேட் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். தொழிலாளிகளிடம் எண் பொறித்த பித்தளை டோக்கன் மட்டும்தான். வாட்ச்மேன் அந்த எண்ணைத் தட்டினால், ஆளின் படம் திரையில் வரும்.

முதல் நாளே புரோகிராம் நின்றது. போட்டோகிராபர் சனிக்கிழமைதான் வருவார். இடையில் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் படம் இல்லை. படக் கோப்பு இல்லையென்றால் எர்ரர். மேனேஜர் கத்தினார்: "ஏதோ ஒரு படத்தைக் காட்டுய்யா, லைன் நகரட்டும்!"

என்னிடம் சோதனைக்கு எடுத்த ஒரே படம் ஃபிட்டர் முனுசாமியுடையது. கேமரா ஸ்டாண்டை மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தவர், "நம்ம மூஞ்சி டிவில எப்டி கீது சார்?" என்று கேட்டார். அந்தப் படத்தையே டிஃபால்ட் ஆக்கினேன். படம் இல்லாத எந்த எண்ணுக்கும் முனுசாமி சிரிப்பார். வாட்ச்மேன் கூட்டத்தில் திரையைப் பார்ப்பதில்லை, எந்தப் படம் என்று மேனேஜரும் கேட்கவில்லை. சனிக்கிழமை மாற்றலாம் என்றிருந்தேன். மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஷிப்ட் முடிகிற நெரிசலில், பையைக் காட்டச் சொன்னதும் ஒருவன் போட்டுவிட்டு ஓடினான். பையில் செம்புக் கம்பி, கூடவே டோக்கன் 417. கான்ட்ராக்டர் டோக்கன்களை அள்ளிக் கொடுப்பார். யாருக்கு எது என்று எழுதும் வழக்கம் இல்லை. வாட்ச்மேன் முதுகைத்தான் பார்த்திருந்தார். எண்ணைத் தட்டினார்.

மறுநாள் மேனேஜர் அறையில் முனுசாமி நின்றார்.

"உன் டோக்கன் முப்பத்தாறுல வெளிய போய், நானூத்திப் பதினேழுல திரும்பி வந்தியா? உனக்கு எதுக்குய்யா ரெண்டு டோக்கன்?"

"நா அப்பவே பஸ் ஏறிட்டேன் சார். எம்மூஞ்சி அதுல எப்டி வந்துச்சின்னு எனக்கு இன்னா தெரியும்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் தப்பா காட்டுமா?"

அடுத்த யூனிட்டுக்கும் இதே புரோகிராமைக் கேட்டிருந்தார்கள். "போட்ட படத்தைத்தான் சார் காட்டும்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அன்றே அவருக்கு வேலை போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிஃபால்ட் படத்தை மாற்றினேன். சாம்பல் நிறக் கட்டம், நடுவில் 'படம் இல்லை'. பத்து நிமிட வேலை. மேனேஜர் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே" என்றார்.

சில வருடம் கழித்து, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் முனுசாமியைப் பார்த்தேன். சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

"சார், நீங்க படிச்சவரு. எம்பொண்டாட்டி இன்னும் கேக்குறா. அன்னிக்கி எம்மூஞ்சி எப்டி சார் அதுல வந்துச்சி?"

"தெரியலையே முனுசாமி" என்றேன்.

"உங்களுக்கே தெரியலன்னா உடுங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

புரோகிராம் எழுத வரும் இளைஞர்களுக்கு: படம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே காட்டுங்கள். ஒரு மனிதரின் முகத்தை அங்கே நிரப்பாதீர்கள். நிரப்பிவிட்டால், கேட்கிற அன்றே சொல்லிவிடுங்கள். என்னை இரண்டு முறை கேட்டார்கள்.